பதில் ஆள்

மெக்சிகோ பாக்ஸர் சால்வடோர் சான்செஸைப் பற்றி யார் எழுதினாலும் கார் விபத்தில்தான் தொடங்குகிறார்கள். 1982 ஆகஸ்ட் 12, விடிவதற்கு முன், மெக்சிகோவில் கெரெட்டாரோ பக்கம் ஒரு நெடுஞ்சாலை, வெள்ளை போர்ஷே, எதிரே லாரி. 23 வயது, அப்போதும் உலக சாம்பியன். அப்புறம் ஒரு வருடம் பின்னால் போய், வில்ஃப்ரெடோ கோமெஸை அவர் சாய்த்த கதையைச் சொல்வார்கள். அதுவும் சொல்ல வேண்டிய கதைதான். 32 சண்டையில் 32 பேரையும் நாக்-அவுட் செய்து, ஒரே ஒரு டிரா மட்டும் கணக்கில் வைத்திருந்த கோமெஸ், வாய்ப் பேச்சும் அதற்கு ஏற்ற மாதிரி பேசிக்கொண்டு வந்து, 8ஆவது சுற்றில் முகம் வீங்கிப் போய் நின்ற சண்டை அது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வரி வரும்: ‘கடைசிச் சண்டை, அசுமா நெல்சனுடன், 15ஆவது சுற்றில் வெற்றி.’ அவ்வளவுதான். அடுத்த வரியில் மறுபடியும் போர்ஷே.

அந்த ஒரு வரிக்குள் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் இருக்கிறது. நான் பார்த்த பட்டத்துச் சண்டைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கோமெஸ் சண்டையை விடவும் என்று சொன்னால் பாக்ஸிங் தெரிந்த நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

முதலில் யார் எவர் என்று சொல்லிவிடுகிறேன். எடை ஃபெதர்வெயிட், அதாவது 126 பவுண்டு, 57 கிலோ சொச்சம். மார்த்தாண்டம் சந்தையில் வாழைத்தார் இறக்குகிற பையன்களில் பாதிப் பேர் இந்த எடைதான் இருப்பார்கள். பெரிய உடம்புக்காரர்களின் சண்டைக்கு இருக்கிற கூட்டம் இந்த எடைக்கு இருக்காது. சான்செஸ் 16 வயதில் தொழில்முறைக்கு வந்தவர். 1980 பிப்ரவரியில், 21 வயது முடிந்த சில நாட்களில், அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் டேனி லோபஸ் என்ற செம்பட்டைத் தலைச் சாம்பியனைத் தோற்கடித்து உலக பாக்ஸிங் கவுன்சிலின் பட்டத்தை எடுத்தார். அதற்குப் பிறகு இரண்டரை வருடத்தில் ஒன்பது தடவை பட்டத்தைக் காப்பாற்றினார். இன்றைய சாம்பியன்கள் வருடத்துக்கு ஒரு சண்டை போடவே ஆறு மாதம் பேச்சுவார்த்தை நடத்துகிறார்கள். அந்த ஒன்பதாவது சண்டைதான் இது.

1982 ஜூலை 21, புதன்கிழமை. நியூயார்க், மேடிசன் ஸ்கொயர் கார்டன். சான்செஸ் மோத வேண்டியது கொலம்பியாவின் மரியோ மிராண்டாவுடன். மிராண்டா விலகிவிட்டார். சண்டைக்குச் சில வாரம்தான் பாக்கி. அரங்கம் பேசியாகிவிட்டது, விளம்பரம் போயாகிவிட்டது. யாராவது ஒரு ஆள் வேண்டும். கானாவிலிருந்து ஒரு ஆளைக் கூட்டி வந்தார்கள். அவர்தான் அசுமா நெல்சன். 13 சண்டை ஆடி 13லும் ஜெயித்தவர், காமன்வெல்த் சாம்பியன். அமெரிக்காவில் அவரை யாருக்கும் தெரியாது. தொழில்முறைக்கு வந்தே மூன்று வருடம் ஆகவில்லை. சண்டைக்கு இரண்டு நாள் முன்னால் அவருக்கு 24 வயது முடிந்திருந்தது. சாம்பியனை விட வந்தவர்தான் அரை வயது மூத்தவர் என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஒன்பது தடவை பட்டத்தைக் காத்த ஆள் என்றதும் ஏதோ பழம் தின்று கொட்டை போட்டவர் என்று நினைத்துக்கொள்கிறோம்.

அந்த ஜூலையில் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தச் சண்டையைப் பற்றி ஒரு ஆளுக்குக்கூடத் தெரிந்திருக்காது. ஸ்பெயினில் உலகக் கோப்பை முடிந்து பத்து நாள். கடப்புறத்தில் எல்லார் வாயிலும் பாவ்லோ ரோஸி. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கமெல்லாம் இன்றைக்கும் அப்படித்தான், பந்து என்றால் கால்பந்து. பாக்ஸிங் என்றால் முகமது அலி. 1980இல் அவர் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிச் சண்டை ஆடினார், அந்தப் போட்டோக்கள் நாகர்கோவில் சலூன் வரைக்கும் வந்து சேர்ந்தன. மற்றபடி வடசென்னைக்கு இருக்கிற குத்துச்சண்டைப் பாரம்பரியம் எங்களுக்கு இல்லை. எங்களுக்கு இருப்பது அடிமுறை, எங்கள் பக்கத்துப் பழைய தற்காப்புக் கலை. அதற்கு வருகிறேன்.

கானாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இந்தச் சண்டைக்கு ஒரு முன்கதை இருக்கிறது. அக்ரா நகரத்தின் கடலோரத்தில் புக்கோம் என்று ஒரு பேட்டை. பக்கத்தில் ஜேம்ஸ் டவுன், வள்ளங்கள் கரை ஏறுகிற இடம். மீன்பிடிக்கிற கா இன மக்கள் நெருக்கியடித்து வாழ்கிற பகுதி. எங்கள் கடப்புறத்தில் சந்துக்கு ஒரு கால்பந்துக்காரன் மாதிரி அங்கே சந்துக்கு ஒரு பாக்ஸர். அங்கிருந்து வந்த டேவிட் கோட்டேதான் கானாவின் முதல் உலக சாம்பியன். 1975இல், இதே ஃபெதர்வெயிட் எடையில், இதே பட்டத்தை மெக்சிகோவின் ரூபன் ஒலிவாரெஸிடமிருந்து பறித்தார். கோட்டே பற்றி ஒரு கதை உண்டு, நம்ம ஊர் ஆட்களிடம் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். நாட்டில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது அரசாங்கம் அவருடைய பரிசுப் பணத்திலிருந்து 45,000 டாலரைக் கடனாக வாங்கி, டப்பாவில் அடைத்த அயிலை மீனை இறக்குமதி செய்ததாம். கடலோரத்தில் பிறந்தவன் குத்து வாங்கிச் சம்பாதித்த காசில், கடலோர நாட்டுக்கு டப்பா மீன். அந்தக் கடன் திரும்பி வரவில்லை என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லிக்கொண்டே இருந்தார் அவர்.

1976 நவம்பரில் அந்த கோட்டேயை அக்ராவிலேயே வந்து, பெருங்கூட்டத்தின் முன்னால் தோற்கடித்துப் பட்டத்தைக் கொண்டுபோனவர் டேனி லோபஸ். லோபஸிடமிருந்து அதை எடுத்தவர் சான்செஸ். ஆக நியூயார்க்கில் ரிங்குக்குள் ஏறிய நெல்சன் ‘பதில் ஆள்’ என்பது அமெரிக்கக் கணக்கு. அக்ரா கணக்கில், தன் ஊரிலிருந்து போன சாமானைத் திரும்பக் கேட்க வந்த ஆள்.

சரி, சண்டை.

மணி அடித்ததும் கார்டனில் இருந்தவர்கள் எதிர்பார்த்தது, சான்செஸ் நாலைந்து சுற்று பார்த்துவிட்டு முடித்துவிடுவார் என்று. பெயர் தெரியாதவர்களோடு சாம்பியன்கள் மோதும்போது வழக்கமாக ஒன்று நடக்கும். முதல் சுற்றில் வந்தவன் தைரியமாக வருவான், இரண்டாம் சுற்றில் ஒன்று வாங்குவான், அதற்குப் பிறகு தற்காப்புதான். நெல்சனிடம் அது நடக்கவில்லை. வாங்கினார், மறுபடி வந்தார். குட்டையான, இறுகிய உடம்பு. இரண்டு கையிலும் கனம். சான்செஸின் வழக்கமே எதிராளியை வரவிட்டு, அவன் வீசி முடிக்கும் இடைவெளியில் தன் அடியை வைப்பது. வருகிறவன் நிறுத்தாமல் வந்துகொண்டே இருந்தால், அந்த இடைவெளி சின்னதாகிக்கொண்டே போகும். நெல்சன் அதைத்தான் செய்தார். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்தாரா, சுபாவமா, தெரிந்து என்ன ஆகப்போகிறது.

7ஆவது சுற்றில் சான்செஸ் அவரைத் தரையில் தள்ளினார். சாதாரணமாக இந்த மாதிரிச் சண்டை அந்த இடத்தில் முடியும். எழுந்த நெல்சன், ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடியும் முன்னால் வந்தார். அதற்குப் பிறகு வந்த சுற்றுகளில்தான் சண்டை உண்மையிலேயே சூடு பிடித்தது. 10, 11, 12 என்று போகப் போக, யார் முன்னிலை என்று சொல்ல முடியாத நெருக்கம். சுற்றுக்குச் சுற்று மதிப்பெண் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு இந்த வீடியோவைப் போட்டுக் கொடுங்கள், வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு கணக்கு வரும்.

இந்தச் சண்டையை நான் திருவட்டாரில் ஒரு ஆசானோடு உட்கார்ந்து பார்த்தேன். வர்ம வைத்தியமும் எலும்புக் கட்டும் செய்கிறவர், எழுபது தாண்டியவர், இளவயதில் அடிமுறை படித்துப் பிறகு சொல்லியும் கொடுத்தவர். நல்ல மழை. ரப்பர் பால்வெட்டு இல்லாத நாள் என்பதால் வைத்தியசாலையில் ஆளும் இல்லை. காயத்திருமேனித் தைலக் குப்பியில் செல்போனைச் சாய்த்து வைத்தேன். குப்பியின் எண்ணெய்ப் பிசுக்கில் போன் வழுக்கி வழுக்கி இறங்கியது, ஆசான் ஒரு மரக்கட்டையை அண்டக் கொடுத்தார்.

“மக்கா, சத்தத்தக் குறை. அவனுவ இங்கிலீசுல கெடந்து அலறுதது நமக்கு எதுக்கு?”

வர்ணனையை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். இப்போது நான் எப்போதும் அப்படித்தான் பார்க்கிறேன். வர்ணனையாளர் குரல் உயரும்போதுதான் ஏதோ நடக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், அந்தச் சத்தம் போனால் கண் தானாகக் காலுக்குப் போகிறது. ஆசான் முகத்தையும் கையையும் பார்க்கவே இல்லை. முதல் இரண்டு சுற்றும் இரண்டு பேருடைய காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தச் சுருள முடிக்காரன் பின்னால போறாம்னு நெனைக்காத. எடம் வாங்குதான்.”

அடிமுறையில் எல்லாம் சுவட்டில்தான் தொடங்கும். கையை உயர்த்தக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் மாதக்கணக்கில் காலை எடுத்து வைக்கச் சொல்லிக்கொடுப்பார்கள், ஒற்றைச் சுவடு அது இது என்று. எங்கள் பக்கத்தில் சிறுவயதில் களரிக்குப் போய்விட்டு நின்றுவிட்ட பையன்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் சலித்துப் போய் நின்றவர்கள்தான். அடிக்கப் போனோம், நடக்கச் சொல்கிறார்களே என்று. ஆசான் எழுந்து அந்த ஈரத் தரையில் செய்து காட்டினார். வலது கால் அரை அடி பின்னால் போகிறது, உடம்பும் போகிறது. ஆனால் குதிகால் தரையில் அமரவில்லை. பெருவிரல் பந்து மட்டும் ஊன்றியிருக்கிறது. அந்த நிலையிலிருந்து முன்னால் திரும்பி வர ஒரு மூச்சுகூட வேண்டாம். குதிகால் அமர்ந்துவிட்டால் முதலில் அதைத் தூக்க வேண்டும், அதற்குள் அடுத்தவன் அடித்துவிடுவான். சொல்லிவிட்டுப் போனைக் காட்டினார். சான்செஸ் பின்னால் போகிறார், நெல்சன் பாய்கிறார், பாய்ந்த இடத்தில் சான்செஸின் வலது கை ஏற்கெனவே வந்து நிற்கிறது. நான் அதற்கு முன்பும் அந்தச் சண்டையைப் பார்த்திருக்கிறேன், அந்தக் குதிகாலைப் பார்த்ததில்லை.

நெல்சனைப் பற்றி அவருக்கு மரியாதை வேறு மாதிரி. 7ஆவது சுற்றில் விழுந்து எழுந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“இவன் மூச்ச விடல பாரு. வாயத் தொறக்கல. விழுந்தவனுக்கு மொதல்ல போறது மூச்சு. இவனுக்குப் போகல.”

இடையில் அவருக்கு ஒரு சந்தேகமும் வந்தது. மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை எதற்கு முக்காலி போட்டு உட்கார வைக்கிறார்கள், இது என்ன அடிதடியா விருந்தா என்று. ஒரு நிமிடம் ஓய்வு, மொத்தம் 15 சுற்று, அதுதான் அந்தக் காலத்துப் பட்டத்துச் சண்டைக்கு விதி என்று சொன்னேன். இப்போது 12தான் என்றும் சொன்னேன்.

“அப்பம் இவனுவ ரெண்டு பேரையும் 12லயே எறக்கி விட்டிருப்பானுவளா?” என்றார்.

ஆமாம் ஆசானே, இறக்கி விட்டிருப்பார்கள்.

இந்த இடத்தைத்தான் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். சான்செஸின் பட்டத்துச் சண்டைகளை வரிசையாக எடுத்துப் பாருங்கள். டேனி லோபஸிடமிருந்து பட்டத்தை எடுத்தது 13ஆவது சுற்றில். அதே வருடம் ஜூனில் லோபஸோடு மறுசண்டை, முடித்தது 14ஆவது சுற்றில். நெல்சனை நிறுத்தியது 15ஆவது சுற்றில். 13, 14, 15. கோமெஸை 8லும் ராபர்ட்டோ கஸ்டன்யோனை 10லும் முடித்தார்தான், மற்ற சிலரைப் புள்ளியில் ஜெயித்தார். ஆனால் அவருக்கு எதிரே நின்றவர்களில் விடாமல் திருப்பி அடித்த இரண்டு பேரை, மூன்று தடவை, அவர் உடைத்தது எல்லாம் 12க்கு அப்பால்தான். மற்றவர்களுக்குக் கால் பின்னுகிற அந்தக் கடைசி மூன்று சுற்றை அவர் தன் சொந்த வீடு மாதிரி வைத்திருந்தார் என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை. எதிர்த்து அடிப்பவர், நிதானமானவர், கண் கூர்மை என்றெல்லாம் எழுதுகிறார்கள். எல்லாம் சரி. எனக்கு அவர் முதன்மையாக ஒரு 15 சுற்றுக்காரர். முதல் ஆறு ஏழு சுற்றில் எதிராளியின் பழக்கங்களைச் சேர்த்து வைப்பார், நடுவில் நெருக்கடி வந்தால் தாங்குவார், கடைசியில் சேர்த்து வைத்ததைச் செலவு செய்வார்.

நெல்சன் சண்டையில் 15ஆவது சுற்று தொடங்கும்போது இருவரும் 42 நிமிடம் சண்டை போட்டு முடித்திருக்கிறார்கள். நெல்சனின் காலில் அப்போதும் வலு இருக்கிறது, முன்னால்தான் வருகிறார். ஆனால் கை திரும்பி முகத்துக்கு வந்து சேர்வதில் ஒரு நொடியின் சின்னப் பங்கு தாமதம். சான்செஸ் அதற்காகத்தான் காத்திருந்த மாதிரி இருக்கிறது. ஒரு கொத்து அடி, இடமும் வலமுமாக. நெல்சன் விழுகிறார். எழுகிறார், எழுந்துவிடுகிறார், அதுதான் ஆச்சரியம். எழுந்தவரை சான்செஸ் விடவில்லை. அவசரப்படவும் இல்லை, அடித்த ஒவ்வொன்றும் பார்த்து அடித்தது. நடுவர் டோனி பெரெஸ் நடுவில் புகுந்து நிறுத்தினார். சுற்றில் 1 நிமிடம் 49 விநாடி ஆகியிருந்தது. 1975இல் முகமது அலியோடு மோதிய சக் வெப்னரை 15ஆவது சுற்றின் கடைசி விநாடிகளில் நிறுத்தியவரும் இதே பெரெஸ்தான். கடைசிச் சுற்றின் முடிவில் ஒரு ஆள் எந்த நிலையில் இருப்பான் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

ஆசான் அந்த நிறுத்தலைச் சரி என்றார். “ஆளு நல்ல ஆளு. இன்னும் ரெண்டு அடி வாங்கினா வேற ஆளாப் போயிருவான்.” வர்மம் படித்தவர்கள் தலைக்கு விழுகிற அடியைப் பற்றிப் பேசும்போது குரல் மாறிவிடும். சண்டையைப் பற்றிப் பேசுகிற குரலாக இருக்காது, வைத்தியக் குரலாகிவிடும்.

அந்தக் கவலை வீண் இல்லை. நாலு மாதத்துக்குள், 1982 நவம்பர் 13 அன்று, லாஸ் வேகாஸில் ரே மான்சினிக்கும் கொரியாவின் கிம் டுக்-கூவுக்கும் லைட்வெயிட் பட்டத்துச் சண்டை நடந்தது. கிம் 14ஆவது சுற்றில் விழுந்தார். மூளையில் ரத்தக் கசிவு, சில நாளில் இறந்துபோனார். அடுத்த மாதமே உலக பாக்ஸிங் கவுன்சில் பட்டத்துச் சண்டைகளை 12 சுற்றாகக் குறைப்பதாக அறிவித்தது. மற்ற அமைப்புகளும் அடுத்த ஐந்தாறு வருடத்தில் அந்த வழிக்கு வந்துவிட்டன. களைத்துப் போய், உடம்பில் நீர் வற்றிய நிலையில் தலைக்கு விழுகிற அடிதான் ஆளைக் கொல்லும் என்ற கவலைதான் அதற்குப் பின்னால் இருந்தது. குறைத்தது சரியான முடிவு என்றுதான் நானும் நினைக்கிறேன். என் வீட்டுப் பையன் ரிங்கில் ஏறுகிறான் என்றால் 10 சுற்றே போதும் என்று சொல்வேன். ஆனாலும் மனசு இரண்டு பக்கமும் போகிறது. 12 சுற்று விதியில் சான்செஸ்–நெல்சன் சண்டை மூன்று நீதிபதிகளின் காகிதத்தில் முடிந்திருக்கும். அவ்வளவு நெருக்கமான சண்டையில் யார் ஜெயித்தார் என்று இன்றைக்கும் வாதாடிக்கொண்டிருப்போம். நெல்சனின் வாயைத் திறக்க வைத்த சுற்று என்று ஒன்று நடந்தே இருக்காது. அந்தச் சுற்றை ரசிக்கிற நானும், அது கூடாது என்று சொல்கிற நானும் ஒரே ஆள்தான். இதற்கு மேல் அதை நேராக்க எனக்குத் தெரியவில்லை.

சண்டை முடிந்து 22 நாளில் சான்செஸ் இறந்தார். ஹுவான் லாபோர்ட்டேயோடு செப்டம்பரில் மறுசண்டை பேசியிருந்தார்கள், அதற்காகப் பயிற்சி முகாமில் இருந்தவர். 46 சண்டை, 44 வெற்றி, ஒரு தோல்வி, ஒரு டிரா. அந்த விபத்து நெல்சன் சண்டையை அப்படியே விழுங்கிவிட்டது. சான்செஸ் உயிரோடு இருந்திருந்தால் அடுத்த மூன்று மாதமும் பத்திரிகைகள் ‘யார் இந்த ஆப்பிரிக்கன்’ என்று எழுதியிருக்கும், மறுசண்டை கேட்டிருக்கும். அதற்குப் பதிலாக எல்லாரும் அஞ்சலி எழுதினார்கள். அஞ்சலியில் கோமெஸ்தான் வருவார், 13 சண்டை மட்டும் ஆடிய ஒருவரிடம் 15 சுற்று திணறியது வராது.

காலியான பட்டத்துக்கு அதே செப்டம்பரில் அதே மேடிசன் ஸ்கொயர் கார்டனில் லாபோர்ட்டேயோடு மோதியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? மரியோ மிராண்டா. ஜூலையில் விலகிக்கொண்ட அதே ஆள். 10 சுற்று முடிந்து முக்காலியில் உட்கார்ந்தவர் எழவில்லை. லாபோர்ட்டே சாம்பியன் ஆனார். 1984 மார்ச்சில் லாபோர்ட்டேயிடமிருந்து அதை எடுத்தவர் வில்ஃப்ரெடோ கோமெஸ், சான்செஸிடம் அடி வாங்கிய அதே கோமெஸ். அதே வருடம் டிசம்பர் 8, கோமெஸின் சொந்த ஊரான சான் ஹுவானில், சொந்த மக்கள் முன்னால், 11ஆவது சுற்றில் அவரைச் சாய்த்துப் பட்டத்தை அக்ராவுக்கே கொண்டுபோனார் அசுமா நெல்சன். அக்ராவில் லோபஸிடம் போன சாமான், எட்டு வருடம் சுற்றி வீடு வந்து சேர்ந்தது. கோமெஸை வீழ்த்தியவர் என்ற வரிசையில் சான்செஸுக்கு அடுத்த பெயர் அவருடையது.

அதற்குப் பிறகு நெல்சன் எங்கேயும் பதில் ஆளாகப் போகவில்லை. ஒரு எடை மேலே ஏறி 1988இல் அங்கேயும் சாம்பியன் ஆனார். சான்செஸுக்குப் பிறகு அவருக்கு அடுத்த தோல்வி 1990இல்தான், அதுவும் இன்னும் ஒரு எடை மேலே போய் பெர்னல் விட்டேகரிடம். 1991இல் ஆஸ்திரேலியாவின் ஜெஃப் ஃபெனெக்கோடு டிரா, பலரும் ஃபெனெக்தான் ஜெயித்தார் என்று கத்தினார்கள். அடுத்த வருடம் மெல்போர்னுக்கே போய் ஃபெனெக்கை 8 சுற்றில் நிறுத்திவிட்டு வந்தார். அவருக்கு ‘புரொஃபசர்’ என்று பட்டப்பெயர். ஆப்பிரிக்காவின் மிகச் சிறந்த பாக்ஸர் யார் என்று கேட்டால் முதலில் வரும் பெயர்களில் ஒன்று. அவர் இத்தனையும் ஆன பிறகு திரும்பிப் பார்க்கும்போதுதான் அந்த ஜூலை ராத்திரியில் சான்செஸ் யாரோடு மோதினார் என்று புரிகிறது. அன்றைக்கு அரங்கத்தில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. சாம்பியன் சுமாராக ஆடினார் என்றுகூட வீட்டுக்குப் போகும் வழியில் சிலர் பேசியிருப்பார்கள்.

சின்னத்துறைப் பக்கம் எனக்கு ஒரு கூட்டுக்காரன் இருக்கிறான். ஆழ்கடலுக்குப் போகிற விசைப்படகில் வேலை, கரையில் இருந்தால் கால்பந்து, கடலில் இருந்தால் போனில் இறக்கி வைத்த பாக்ஸிங். இந்தச் சண்டையை அவனுக்குக் கொடுத்தேன். கொச்சிப் பக்கம் எங்கோ கரை அடைந்ததும் கூப்பிட்டான்.

“எடே, அந்த நெல்சனுக்கு ரெண்டு மாசம் முன்னாலயே சொல்லியிருந்தா அவன் ஜெயிச்சிருப்பாம்லா?”

இந்தச் சண்டையைப் பார்த்த எல்லாரும் கேட்கிற கேள்வி அதுதான். அரைகுறைத் தயாரிப்பில் 15ஆவது சுற்று வரை இழுத்தவன், முழுத் தயாரிப்போடு வந்திருந்தால்? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. சான்செஸும் மிராண்டாவுக்காகத்தானே தயாரானார்? கோமெஸோடு மோதும்போது கோமெஸைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும், உலகத்துக்கே தெரியும். நெல்சனைப் பற்றி அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? அடையாளம் தெரியாத ஒருவனை ரிங்குக்குள்ளேயே நின்று, அடி வாங்கிக்கொண்டே படித்து முடிக்க வேண்டியிருந்தது. அதற்கு 14 சுற்று ஆயிற்று. இரண்டு மாதம் முன்னால் சொல்லியிருந்தால் அந்த இரண்டு மாதம் சான்செஸுக்கும்தான் கிடைத்திருக்கும். அப்படி நடந்திருந்தால் 11, 12இலேயே முடித்திருப்பார் என்பது என் கட்சி.

“போடே, நீ மெக்சிகோக்காரன் கட்சி” என்றான். ஐஸ் ஏற்ற வண்டி வந்துவிட்டது என்று போனை வைத்தான். இன்னும் வாதம் முடியவில்லை. அடுத்த தடவை அவன் கரைக்கு வரும்போது, ஆசானிடம் கூட்டிப் போய் அந்த 12, 13, 14 மூன்று சுற்றையும் சத்தம் இல்லாமல் போட்டுக் காட்டலாம் என்று இருக்கிறேன். கோமெஸ்–நெல்சன் சண்டையையும் இறக்கி வைத்திருக்கிறேன், அதை ஆசான் இன்னும் பார்க்கவில்லை.